கத்திரி வெயிலும் மென்தோல் கரப்பானும்: இப்போது செய்ய வேண்டியவை

மே மாதத்துக் கத்திரி வெயிலில் பிற்பகல் கடற்காற்று வெப்பத்தைத் தணித்தாலும், அதனோடு வரும் ஈரப்பதம் வியர்வையை உலரவிடுவதில்லை. ஆகையால் சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் வாழ் மக்களுள் கரப்பான் எனப்படும் எக்ஸிமா உடையோருக்குக் கழுத்து மடிப்பு, அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அரிப்பு மிகக்கூடும்.

மென்தோல் அமைந்த இவ்விடங்களிலும் கண்ணிமையிலும் பூசும் மருந்து பிற இடங்களைவிட மிகுதியாக உட்செல்லும் என்பதை முதலில் உணர வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து முன்கையைவிட நெற்றியில் ஏறத்தாழ 6 மடங்கும் விதைப்பையில் ஏறத்தாழ 42 மடங்கும் உறிஞ்சப்படுவதை 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் ஆகிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனவே உள்ளங்கைக்கென எழுதித் தரப்பட்ட வீரியமிக்க களிம்பை இடுக்குகளில் பூசினால் தோல் மெலிந்து வரித்தழும்பு விழலாம். இமையில் தொடர்ந்து பூசினால் கண்ணழுத்தம் உயரலாம்.

வியர்த்தவுடன் வெறும் நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி, மடிப்புகளை உலர்த்த வேண்டும். குளித்த சில நிமிடங்களுக்குள் நறுமணமற்ற மாய்ஸ்சரைசரை மெல்லிதாகப் பூசி, தளர்ந்த பருத்தி ஆடை அணிவது நன்று. வெடித்த தோலில் வாசனைப் பவுடர், மஞ்சள், வேப்பிலை அரைப்பு எதையும் இடலாகாது. கவரிங் நகையிலுள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து கழுத்திலும், தலைச்சாயம் இமையிலும், ஒட்டும் பொட்டின் பசை நெற்றியிலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடுமாதலால், புண் ஆறும்வரை அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மென்தோலுக்குப் பொதுவாக வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பையும் மருத்துவர் பரிந்துரைப்பார். பின்னது தொடக்க நாட்களில் எரிச்சல் தருவது இயல்பு.

வளையம்போல் விளிம்பு தடித்துப் பரவுவது பெரும்பாலும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த களிம்பை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும். தொற்றோ உருமாறிப் பரவும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018இல் இந்திய அரசு விதித்ததற்கு இத்தீங்கும் ஒரு காரணம்.

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், கொத்தான வலிமிக்க கொப்புளம், கண்வலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரை நாட வேண்டும். அதுவரை பூசிய களிம்புக் குழாய்கள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்வது அவசியம். களிம்பினால் உருமாறிய தோலை அவற்றின் துணையின்றி இனங்காண்பது மருத்துவருக்கும் கடினம்.