ரிசர்வ் ஆய்வுக்கு என்ன செலவாகும்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் வசூலிக்கும் மாதச் சந்தா இரண்டு பங்காகப் பிரிகிறது. புல்வெட்டு, மின்கட்டணம், காப்பீடு போன்ற நடப்புச் செலவுக்கு ஒன்று. கூரை, லிஃப்ட், தார்ச்சாலை, நீச்சல்குளம் என்று என்றைக்காவது மாற்றியே தீர வேண்டியவற்றுக்கு மற்றொன்று. அதுவே ரிசர்வ் நிதி. அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது ரிசர்வ் ஆய்வு. பொதுச் சொத்துகள் ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற என்ன ஆகும் என்று பார்ப்பது அதன் முதல் பாதி. கையிருப்பை அதோடு ஒப்பிட்டு, வரும் ஆண்டுகளுக்கு வசூல் திட்டம் போடுவது மறுபாதி. கட்டணம் பொதுவாகச் சில ஆயிரம் டாலர். அந்தத் தொகை எப்படி அமைகிறது என்பதில்தான் நிர்வாகக் குழுக்கள் தடுமாறுகின்றன.

நம்பிக்கை: வீடுகளின் எண்ணிக்கை தெரிந்தால் கட்டணம் தெரிந்துவிடும்.

உண்மை: ஆய்வாளர் வீடுகளைவிடப் பொதுச் சொத்துகளைத்தான் எண்ணுகிறார். ஒன்று பட்டியலில் ஏற வழக்கமாக நான்கு தகுதிகள் பார்க்கப்படும்: அதைப் பராமரிப்பது சங்கத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும், அதன் ஆயுள் வரம்புள்ளதாக இருக்க வேண்டும், எஞ்சிய ஆயுளைக் கணிக்க முடிய வேண்டும், செலவு ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தாண்ட வேண்டும். 300 தனி வீடுகள் உள்ள குடியிருப்பில் சங்கத்துக்குச் சொந்தமானவை ஒரு பெயர்ப்பலகையும் வேலியும் சிறு பூங்காவும் மட்டும்தான் என்றால் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். 60 ஃப்ளாட் உள்ள பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட், தீ எச்சரிக்கைக் கருவிகள், பாய்லர், மொட்டைமாடி நீர்த்தடுப்பு, பால்கனிக் கைப்பிடி, பார்க்கிங் தளம் என்று அது நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, அளந்து, இன்றைய விலையை விசாரிக்க வேண்டும். வீடுகள் குறைவானாலும் இந்தக் கட்டடத்துக்கே கட்டணம் அதிகம்.

காகிதங்களும் கணக்கில் வரும். வரைபடம் இருந்தால் கூரையின் பரப்பு மேசையிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் ஆய்வாளர் மேலே ஏறி அளக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் காசு. கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தார்கள், எப்போது சாலை போட்டார்கள் என்பதற்கான பில்கள், முந்தைய ஆய்வறிக்கை, வங்கி இருப்பு, யாருக்கு எது பொறுப்பு என்று சொல்லும் சங்கப் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டி, சொத்துப் பட்டியல் ஒன்றும் போட்டுக்கொண்டு விலைப்புள்ளி கேட்பது நல்லது. அப்போதுதான் எல்லா நிறுவனங்களும் ஒரே வேலைக்கு விலை சொல்லும். பட்டியல் இல்லாமல் கேட்டால் ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து விலை சொல்வார்கள்.

நம்பிக்கை: ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம்.

உண்மை: முழு ஆய்வு, நேரில் பார்த்துச் செய்யும் புதுப்பிப்பு, நேரில் பார்க்காமல் கணக்கை மட்டும் புதுப்பிப்பது என்று மூன்று நிலைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவதற்குத்தான் செலவு மிகுதி. கடைசியானது மிகவும் மலிவு. பொதுச் சொத்தின் மதிப்பு பட்ஜெட்டில் பாதியை எட்டும் கலிபோர்னியா சங்கங்கள் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்து ஆய்வு செய்ய வேண்டும், ஆண்டுதோறும் அதை மறுபரிசீலிக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். எனவே ஓராண்டுச் செலவாக அல்லாமல் மூன்றாண்டுச் சுற்றாகக் கணக்கிடுவதே சரி. ஒரு பேச்சுக்கு, முழு ஆய்வுக்கு 4,500 டாலர் என்றால் 100 வீடுகளுக்கு வீட்டுக்கு 45 டாலர். மூன்றாண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 15. இந்தத் தொகைக்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு வாதாடும் சங்கங்கள் கூரை ஒழுகும்போது வீட்டுக்குப் பல ஆயிரம் டாலர் சிறப்பு வசூல் கேட்பது வேடிக்கைதான்.

நம்பிக்கை: ஆய்வுக்குப் பணம் கொடுத்துவிட்டால் கட்டடம் பத்திரம்.

உண்மை: ரிசர்வ் ஆய்வு கண்ணால் பார்ப்பது. கான்கிரீட்டைத் துளைத்துப் பார்ப்பது இதில் சேராது. அதற்குப் பொறியாளரும் தனிக் கட்டணமும் வேண்டும். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேரைப் பலிகொண்ட சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இரண்டு அறிக்கைகள் தனித்தனியாக இருந்தன. 2018-இல் ஒரு பொறியாளர் நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்புப் பழுதைச் சுட்டிக்காட்டியிருந்தார். ரிசர்வ் கணக்கோ ஒரு கோடி டாலருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 7 லட்சமே இருந்ததைக் காட்டியது. பணக்குறைவால்தான் கட்டடம் விழுந்தது என்று இதற்குப் பொருளில்லை. பணத்தைச் சொன்ன அறிக்கையும் பழுதைச் சொன்ன அறிக்கையும் வெவ்வேறு என்பதே இங்கே செய்தி.

அதன்பின் 2022-இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டமைப்பு சார்ந்த ரிசர்வ் ஆய்வு செய்ய வேண்டும் என்றது. கூரை, தாங்கு சுவர்கள், நீர்த்தடுப்பு, மின்சாரம், குழாய் இணைப்புகள் அதில் கட்டாயம் இடம்பெறும். பழைய கட்டடங்களுக்குக் கட்டமைப்பின் உறுதியைப் பார்க்கும் மைல்ஸ்டோன் பரிசோதனை என்று இன்னொன்றும் உண்டு. ஒன்றுக்குக் கொடுத்த விலையில் மற்றது அடங்காது. அங்குள்ள சங்கம் மதிப்பீடு போடும்போது இரண்டையும் தனி வரிகளாக எழுத வேண்டும்.

நம்பிக்கை: குறைந்த விலைப்புள்ளியே லாபம்.

உண்மை: எத்தனை முறை நேரில் வருவார்கள், வரைவை எத்தனை முறை திருத்தித் தருவார்கள், குழுக் கூட்டத்தில் வந்து விளக்குவார்களா, கையெழுத்திடுபவரிடம் ரிசர்வ் ஆய்வாளர்களுக்கான ஆர்.எஸ். அல்லது பி.ஆர்.ஏ. சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலைகளை ஒப்பிட முடியும். கூரை போடும் நிறுவனமே இலவசமாக ஆய்வு செய்து தருகிறேன் என்று முன்வந்தால், கூரையின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அறிக்கை சொல்வதில் அந்த நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது.