சமூகவியல் படித்தால் என்ன வேலை?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு. தோவாளையில் இருந்து பூ மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஓர் அம்மா அங்கே பூக்கட்டி விற்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரியில் சமூகவியல் பாடத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

பக்கத்துக் கடை அண்ணாச்சி சிரித்தார்.

"டாக்டருக்குப் படித்தால் டாக்டர். வக்கீலுக்குப் படித்தால் வக்கீல். இதைப் படித்தால் யார்?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பணம் கட்ட மூன்று நாள்தான் இருக்கிறது. சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். கட்டலாமா? வேண்டாமா?

இரவு மகளிடம் கேட்டார்.

"மக்கா, சமூகவியல் என்றால் என்ன?"

"மனிதர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றிய படிப்பு அம்மா. குடும்பம், சாதி, தொழில், ஊர் எல்லாம் அதில் வரும். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும்."

"அது எனக்கே தெரியுமே!"

"உனக்கு நம்ம தெரு தெரியும். நூறு தெருவில் எப்படி என்று தெரிய வேண்டுமா? போய்க் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையைத்தான் கல்லூரியில் கற்றுத் தருகிறார்கள்."

கேட்டு அறிவதால் என்ன பயன்?

எழுத்தறிவு இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எர்ணாகுளம் மாவட்டத்தில் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் என்று கணக்கு எடுத்தார்கள். அதன் பிறகுதான் வகுப்புகள் நடந்தன. 1990-இல் அது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கணக்கு எடுக்காமல் இருந்தால் யாருக்குப் பாடம் சொல்வது?

இன்னொரு செய்தி. திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்காகக் கேரளத்தை ஆராய்ந்தார்கள். 1975-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கேரள மக்களின் வருமானம் அப்போது குறைவு. ஆனால் அவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். குழந்தைச் சாவும் குறைவாக இருந்தது. பள்ளியும் மருத்துவமனையும் ஏழைக்கும் எட்டியதே முக்கியக் காரணம். பணத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வாழ்க்கையைப் பார்த்ததால் தெரிந்தது.

எங்கே படிக்கலாம்?

கேரளப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை காரியவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் லயோலா சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. அது 1963-இல் தொடங்கியது. இரண்டு இடங்களிலும் முதுகலை, அதாவது எம்.ஏ., படிக்கலாம்.

என்னென்ன வேலைகள்?

1. ஆசிரியர் வேலை. கேரளத்தில் மேல்நிலைப் பள்ளியில் சமூகவியல் ஒரு பாடம். அதைக் கற்பிக்க எம்.ஏ., பி.எட். இரண்டும் வேண்டும். 'செட்' என்ற மாநிலத் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ. முடித்து 'நெட்' தேர்வு எழுதுவார்கள்.

2. அரசு வேலை. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற அரசு வேலைகள் பல உண்டு. சமூகவியல் படித்தவரும் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.ஏ.எஸ். தேர்விலும் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

3. குழந்தை நலம். ஆதரவு இல்லாத குழந்தைகளுக்காக மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. அதன் உறுப்பினர் ஆவதற்குரிய பட்டங்களில் சமூகவியலும் ஒன்று. குழந்தைகளுக்காக ஏழு ஆண்டு உழைத்த அனுபவமும் வேண்டும்.

4. ஆய்வு வேலை. ஒரு திட்டத்துக்காக நிலம் எடுத்தால் எத்தனை குடும்பம் பாதிக்கப்படும்? யாருடைய பிழைப்பு போகும்? இதை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அந்த அறிக்கையைப் பார்க்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும்.

5. மக்கள் திட்டங்கள். குடும்பஸ்ரீ திட்டம் 1998-இல் தொடங்கியது. பெண்கள் அயல்கூட்டங்களாகச் சேர்ந்தார்கள். இது போன்ற திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் மக்களிடம் பேசி, எழுதி, கணக்குப் பார்ப்பவர் தேவை.

கவனிக்க வேண்டியவை

பட்டம் வாங்கியவுடன் வேலை வீடு தேடி வராது. பெரும்பாலும் மேற்படிப்போ ஒரு தேர்வோ வேண்டும்.

சமூகவியல் வேறு. சமூகப் பணி வேறு. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஆக வேண்டுமா? அதற்குப் பொதுவாக எம்.எஸ்.டபிள்யூ. என்ற படிப்பைக் கேட்பார்கள். சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரள அரசு வேலைகளுக்கு ஆள் எடுப்பது பி.எஸ்.சி. அதன் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

அம்மா என்ன முடிவு செய்தார்?

அம்மா பூக்கணக்கு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினார். பட்டப்படிப்பு மூன்று வருடம். எம்.ஏ. இரண்டு வருடம். அதற்கு மேல் தேர்வு.

"நெடுங்காலம்தான் மக்கா" என்றார்.

"ஆமாம் அம்மா. விடுமுறையில் நானும் கடைக்கு வருகிறேன். முதல் வருடத்தில் இருந்தே தேர்வுக்கும் படிக்கிறேன்."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நாளைக்கே பணம் கட்டிவிடுவோம்."

மறுநாள் அண்ணாச்சி மீண்டும் கேட்டார். அம்மா நோட்டைப் பிரித்தார். ஐந்து வேலைகளையும் தானே வாசித்துக் காட்டினார்.

அண்ணாச்சி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "என் பேத்திக்கும் எழுதித் தாருங்கள்" என்றார்.

பதில் சொல்லுங்கள்

1. மேல்நிலைப் பள்ளியில் சமூகவியல் கற்பிக்க என்னென்ன தகுதி வேண்டும்?
2. நிலம் எடுக்கும் முன் எதை ஆராய வேண்டும்?
3. உங்கள் தெருவில் பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன? ஐந்து வீடுகளில் கேட்டு எழுதுங்கள்.