பல்லுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

கேள்வி: கனடாவில் மருத்துவம் இலவசம் என்கிறார்கள். பிறகு பல் சிகிச்சைக்காக நாடாளுமன்றத்தில் ஏன் அத்தனை வாக்குவாதம்?

பதில்: இலவசம் என்பது முக்கியமாக மருத்துவமனைக்கும் டாக்டருக்கும்தான். 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அவற்றைக் காத்தது. வழக்கமான பல் சிகிச்சை, கண்ணாடி, வீட்டில் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை மாகாணங்களின் விருப்பத்துக்கு விட்டது. குழந்தைகளின் பல் சிகிச்சையைப் பொதுச்செலவில் தர வேண்டும் என்று நீதிபதி எம்மட் ஹால் ஆணையம் 1964-லேயே சொல்லியிருந்தது. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆண்டுக்கு 650 டாலர் வரை தர வழிசெய்த கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியதோ 2022-ல். இத்தனை தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஈறில் சீழ் பிடித்தவர் பல் மருத்துவரிடம் போகக் காசில்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். அங்கே வலிமாத்திரை கிடைக்கும், சொத்தைப் பல் அப்படியே இருக்கும், செலவு அரசுக் கணக்கில் ஏறும்.

சுகாதாரம் மாகாணங்களின் அதிகாரம், மத்திய அரசு தலையிடலாமா என்பது ஓர் ஆட்சேபம். ஆனால் இன்று எல்லாரும் பெருமைப்படும் டாக்டர் காப்பீடே 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு செலவில் பங்கேற்றதால்தான் நாடெங்கும் பரவியது. அரசு கொடுத்தால் முதலாளிகள் தங்கள் காப்பீட்டை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அதைவிடக் கனமானது. அதற்காகவே 2022 சட்டத்துக்குப் பின் வந்த இப்போதைய கூட்டாட்சிப் பல் சிகிச்சைத் திட்டம், குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருந்தாலும், தனியார் பல் காப்பீடு பெற வழியுள்ளவர்களை ஒதுக்குகிறது. அந்தக் காப்பீடு எவ்வளவு சொற்பமானது என்று பார்ப்பதில்லை. அடுத்த திருத்தம் இந்த நிபந்தனையில்தான் தொடங்க வேண்டும்.