காரின் டிக்கியில் மழைநீர்: கசிவைக் கண்டறிதலும் அடைத்தலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

ஓட்டு வீடு ஒழுகினால் சொட்டும் இடத்தில் பாத்திரத்தை வைக்கிறோம். மழை விட்டபின் கூரைமேல் ஏறி, அப்பாத்திரத்திற்கு நேர் மேலே உடைந்த ஓட்டைத் தேடுகிறோம். பெரும்பாலும் அங்கே உள்ள ஓடு நன்றாகவே இருக்கும். நீர் வேறோர் இடத்தில் புகுந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு முழம் நடந்துவந்து, பிறகுதான் சொட்டியிருக்கும். நீர் தெரியும் இடம் வேறு. நீர் நுழையும் இடம் வேறு. எளிய இவ்வுண்மையை ஒரு காரின் டிக்கியில் நான் கற்றுக்கொண்ட விதத்தை என் சக மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் ஆலங்குடி வட்டத்தில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் எங்கள் தென்னை மரங்கள் சாய்ந்தன. தென்னங்கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். வயிறு அதுவரை காத்திருக்காது. ஆகவே என் தந்தையார் கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவள் நான். அந்தக் கார் ஓடுவதால்தான் என் படிப்பும் ஓடுகிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு, சிங்கப்பூர் செல்லும் ஒருவரை அப்பா திருச்சி விமான நிலையத்திற்கு ஏற்றிச் சென்றார். வழி நெடுக மழை. போய் டிக்கியைத் திறந்தால், பெட்டியின் அடிப்பாகம் நனைந்து, உள்ளிருந்த துணிகளும் வீட்டில் கட்டிக்கொடுத்த பலகாரமும் ஊறிப்போயிருந்தன. வந்தவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பாவும் வாடகை வாங்காமல் திரும்பிவிட்டார்.

அதற்கு முன்பே பட்டறையில் இருமுறை பார்த்தாயிற்று. முதல் முறை டிக்கி மூடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரை மாற்றினார்கள். இரண்டாம் முறை பின்விளக்கைச் சுற்றிப் பசை வைத்தார்கள். நீர் நிற்கவில்லை. மூன்றாம் முறை செலவழிக்க வீட்டில் பணம் இல்லை. அன்று இரவு அப்பா என்னிடம், "ஆத்தா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கோ உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

நீர் எவ்வாறு நுழைகிறது?

நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதை யாவரும் அறிவர். டிக்கியின் வாயைச் சுற்றி ஒரு தகட்டு வாய்க்கால் உண்டு. மூடியின் இடுக்கில் இறங்கும் மழைநீர் இவ்வாய்க்கால் வழியே ஓடிப் பின்புறம் கீழே வடிந்துவிட வேண்டும். ஆகவே மூடிக்கு அடியில் நீர் வருவது குற்றமன்று. வாய்க்காலைத் தாண்டி உள்ளே வருவதே குற்றம். வேப்பிலைச் சருகு விழுந்து வாய்க்கால் அடைபட்டாலே நீர் தேங்கிக் கரை தாண்டும். மரத்தடியில் நிற்கும் கார்களுக்கு இது முதற் காரணமாகும்.

இரண்டாவது வழி நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் நுண்புழை ஏற்றமாகும். குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்பதை ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் எடுத்துக்காட்டினார். இதே விதி இரண்டு தகடுகளுக்கு இடைப்பட்ட இடுக்கிற்கும் பொருந்தும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.072 நியூட்டன். இதைக் கொண்டு கணக்கிட்டால், நீர் நன்றாக ஒட்டும் தூய தகடுகளில், 1 மில்லிமீட்டர் இடுக்கில் நீர் ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர் இடுக்கில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஏறும். பெயிண்டும் அழுக்கும் படிந்த தகட்டில் இவ்வளவு ஏறாது. எனினும் கண்ணுக்குத் தெரியாத இடுக்குதானே என்று எண்ணுவது தவறு என்பது இக்கணக்கால் விளங்கும். இவ்வாறு ஏறிய நீர் தகட்டின் விளிம்பைத் தாண்டி மறுபுறம் தாழ்வான இடத்தை எட்டிவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் வருவதுபோல் விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

இதே ஒட்டும் தன்மையால் நீர் தகட்டின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு தலைகீழாகவும் நடக்கும். நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலில் சமணர் படுக்கைகளைக் கண்டவர் நம்மில் பலர். தமிழகத்தில் அத்தகைய குகைகள் பலவற்றின் நெற்றியில், பாறையைக் குறுக்காக வெட்டி விளிம்பு அமைத்திருக்கிறார்கள். பாறையை ஒட்டி உள்ளே வழியும் மழைநீர் அவ்விளிம்பை அடைந்ததும் பிடி விட்டுக் கீழே சொட்டிவிடும். இன்றும் கொத்தனார்கள் சன்ஷேடின் அடியில் ஒரு காடி விடுவது இதற்காகவே.

மூன்றாவது வழி காற்று. கார் ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் சற்றுக் குறைந்து, சக்கரங்கள் எற்றும் நீரும் புழுதியும் அங்கே சுழலும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினால் காருக்குள்ளும் அழுத்தம் குறைவதுண்டு. அப்போது சிறு இடைவெளிகள் வழியே வெளிக்காற்று நீர்த்துளிகளோடு உள்ளே இழுக்கப்படும். நிற்கையில் நனையாத டிக்கி ஓட்டத்தில் நனைவது இதனாலேயே.

ஐயத்திற்குரிய இடங்கள்

1. பீடிங் ரப்பர்: ரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றி உறுதியாக்கும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் வெயிலிலும் இடைவிடாத அழுத்தத்திலும் நாளடைவில் மீளும் தன்மையை இழக்கும். அழுந்திய ரப்பர் திரும்ப எழாவிட்டால் மூடிக்கும் அதற்கும் இடையே வழி உண்டாகும்.

2. பின்விளக்குகள்: விளக்கிற்கும் தகட்டிற்கும் இடையே உள்ள மெத்தை நைந்து போகலாம், நட்டுகள் தளர்ந்திருக்கலாம்.

3. பின்கண்ணாடி: இதன் கீழ் மூலைகளில் நுழையும் நீர் மறைவாக டிக்கிக்குள் இறங்கும்.

4. தகடுகளின் இணைப்புகள்: பற்றவைத்த இடங்களில் பூசியுள்ள பசை காலப்போக்கில் வெடிக்கும். பின்னால் இடிபட்டுச் சீர் செய்யப்பட்ட கார்களில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

5. காற்றுத் துவாரங்கள்: கதவைச் சாத்தும்போது உள்ளே அடைபடும் காற்று வெளியேற, பல கார்களில் பின் பம்பருக்கு உட்புறம் மெல்லிய மடல்கள் கொண்ட துவாரங்கள் உண்டு. மடல் கிழிந்தால் நீரும் புழுதியும் உள்ளே வரும்.

6. தரையில் உள்ள ரப்பர் மூடிகள்: இவை கழன்று விழுந்தால் சக்கரம் எற்றும் நீர் நேரே ஸ்டெப்னிக் குழிக்கு வரும்.

சோதனை செய்யும் முறை

கார்த் தொழிற்சாலைகளில் முடிந்த வண்டியைச் செயற்கை மழை பொழியும் கூடத்திற்குள் செலுத்திப் பார்ப்பது வழக்கம். அங்கே எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நீரைப் பீய்ச்சுவார்கள். ஒழுகுகிறதா, இல்லையா என்று அறிய அது போதும். எங்கே ஒழுகுகிறது என்று அறிய அது போதாது. நானும் முதல் நாள் அப்படித்தான் குழாயை எடுத்துக் கார் முழுவதும் அடித்தேன். டிக்கி நனைந்தது; நான் ஒன்றும் அறியவில்லை.

அப்போது அப்பா ஒன்று சொன்னார்: "கம்மாக்கரை கசிஞ்சா வெளிப்பக்கம் மண்ணைக் கொட்டுனா நிக்காது ஆத்தா. உள்பக்கம் தண்ணி எங்க சுழிக்குதுன்னு பாக்கணும்." பட்டறையில் செய்ததும் நான் செய்ததும் வெளிப்பக்கம் மண் கொட்டிய வேலையே என்று எனக்கு உறைத்தது. மறுநாள் முறையாகத் தொடங்கினோம்.

முதலில் விரிப்பு, ஸ்டெப்னி, பக்கவாட்டு அட்டைகள் அனைத்தையும் கழற்றி, டிக்கியை ஒரு நாள் வெயிலில் உலரவிட்டோம். உலர்ந்தபின் புழுதித் தடங்களைப் பார்த்தோம். நம் பகுதியின் செம்மண் இதற்குப் பேருதவி செய்கிறது. பீடிங் சரியாக அழுந்தும் இடத்தில் ரப்பருக்கு உட்புறம் தகடு சுத்தமாக இருக்கும். அழுந்தாத இடத்தில் செம்புழுதி கோடாகப் படிந்திருக்கும். எங்கள் காரில் அத்தகைய கோடு இல்லை.

அடுத்தது தாள் சோதனை. ஒரு நீளமான தாள் துண்டை வைத்து மூடியைச் சாத்தி, தாளை மெல்ல இழுக்க வேண்டும். தாள் இறுக்கமாக வந்தால் ரப்பர் பிடிக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் பிடிக்கவில்லை. ஒரு சாணுக்கு ஓரிடமாகச் சுற்றிலும் பார்த்தோம். எங்கும் பிடித்தது. ஆக, புது பீடிங் நன்றாகவே இருந்தது; தேவையற்ற இடத்தில் பணம் போயிருந்தது.

இறுதியில் நீர்ச்சோதனை. இதற்கு மூன்று விதிகள் உண்டு. ஒன்று, குழாயின் முனையை அழுத்திப் பீய்ச்சாமல் நீர் தானாக வழியுமாறு விட வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மழை புகாத இடத்திலும் நீர் புகும். இரண்டு, கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். மேலே தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் நனைத்து நம்மைக் குழப்பிவிடும். மூன்று, ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது பொறுத்திருந்து, பிறகே அடுத்த இடத்திற்குப் போக வேண்டும். நீர் நடந்துவர நேரம் வேண்டுமன்றோ!

உள்ளிருந்து பார்க்க நான் டார்ச் விளக்குடன் டிக்கிக்குள் படுத்தேன். பின் இருக்கையின் சாய்மானத்தைக் கழற்றி, காற்றுக்கும் வெளியே வருவதற்கும் வழி செய்து, சாவியை அப்பா கையில் வைத்துக்கொண்ட பின்பே இதைச் செய்தோம். வெயில் நேரத்திலோ, தனியாகவோ, சிறுவர்களை வைத்தோ இதைச் செய்தல் கூடாது. உள்ளே இறங்க விரும்பாதவர் தகடுகளில் சாக்பீஸ் தூளையோ முகப்பவுடரையோ தூவி வைத்தால், நீர் வந்த தடம் அதில் கோடாகத் தெரியும்.

கண்டது என்ன?

பம்பருக்கு மேலே நீர் விட்டார்; உலர்ந்திருந்தது. பின்விளக்குகளில் விட்டார், உலர்ந்திருந்தது. மூடியின் இடுக்கில் விட்டார். வாய்க்காலில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்கண்ணாடியின் இடது மூலையிலும் ஒன்றுமில்லை. வலது மூலைக்குப் போனார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பின் இருக்கைக்கு மேலுள்ள தகட்டின் அடியில் ஒரு துளி மின்னியது. அது கீழே விழவில்லை. பின்விளக்குகளுக்குச் செல்லும் ஒயர்க் கட்டின்மேல் ஏறி, அதைப் பிடித்துக்கொண்டே குறுக்காக நடந்து, இடது பின்விளக்கின் அருகே ஒயர் வளையும் இடத்தில் சொட்டி, ஸ்டெப்னிக் குழியில் விழுந்தது. பின்னாலேயே அடுத்த துளி வந்தது.

நுழைந்தது வலப்பக்கம், தெரிந்தது இடப்பக்கம். பின்விளக்கில் பசை வைத்தவர் மேல் குற்றமில்லை. அவர் நீரைக் கண்ட இடத்தில் அடைத்தார். "வந்துருச்சுப்பா!" என்று நான் உள்ளிருந்து கத்தியது தெருவுக்கே கேட்டதாம்.

அடைத்தல்

எங்கள் காரில் பின்கண்ணாடி ரப்பர்ச் சட்டத்தில் பொருத்தப்பட்டது. ரப்பரின் உதட்டை மரக்குச்சியால் மெல்லத் தூக்கியபோது அடியில் துரு இருந்தது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் பெயிண்டையும் ரப்பரையும் மேலே தள்ளும். அவ்விடைவெளியில் மேலும் நீர் புகும். ஆகவே துருவின் மேல் பசை பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, துடைத்து, உலர்த்தி, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசினோம். அது காய்ந்தபின் ரப்பருக்கு அடியில் பசையைச் செலுத்தி அழுத்தினோம். இங்கே வேதியியல் மாணவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. கடையில் விற்கும் சிலிகான் பசைகளில் சில, காயும்போது காடிப் புளிப்பு வாசனை வீசும். அது அசெட்டிக் அமிலம். அமிலம் இரும்பை அரிக்கும்; ஆதலால் தகட்டின் மேல் அப்பசை ஆகாது. அமிலம் வெளிவிடாத சிலிகான் பசையையோ, கார் வேலைக்குரிய பாலியூரித்தேன் பசையையோ கேட்டு வாங்க வேண்டும். ரப்பரில் மண்ணெண்ணெயோ கிரீசோ தடவுதலும் கூடாது. பல வகை ரப்பர்கள் அதனால் ஊதிக் கெட்டுவிடும். புதிய கார்கள் பலவற்றில் கண்ணாடியே பசையால் பதிக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் கண்ணாடி வேலை தெரிந்தவரிடமே விட வேண்டும்.

இரண்டு நாள் காயவிட்டு, மீண்டும் அதே மூலையில் பத்து நிமிடம் நீர் விட்டோம். சரி செய்தபின் மறுபடி சோதிக்காவிட்டால் பாதி வேலையே முடிந்ததாகும். துளி வரவில்லை. மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது.

முடிவுரை

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. ஸ்டெப்னிக் குழியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை அப்பா அதை எடுத்து, காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்தார். மொறமொறவென்று சத்தம் கேட்டது. மறுநாள் விடியற்காலையில் திருச்சிக்கு ஒரு வாடகை வந்தது. பெட்டிகளை டிக்கியில் தயங்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

பரப்பு இழுவிசையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். கண்மாய்க் கரையில் நின்று கற்றவர் என் தந்தையார். ஒருவர் மட்டும் தேடியிருந்தால் அத்துளியைக் கண்டிருக்க மாட்டோம். நம் கல்லூரியில் பயிலும் நண்பர்கள் பலரின் வீட்டிலும் ஒரு தறியோ, பம்புசெட்டோ, இட்லிக்கடை அடுப்போ இருக்கும். அதில் ஏதேனும் பழுது வந்தால், உங்கள் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் அருகே சென்று அமருங்கள். வீட்டுப் பெரியவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் பிழை காணின், பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருளித் திருத்துமாறு வேண்டுகிறேன்.