யோர்தான் சமபூமியா, பெத்தேல் மேடா?

வேதபாடம்: ஆதியாகமம் 13, 26, 46, எரேமியா 42



சமீப காலமாய் ஜெபக்குறிப்புச் சீட்டுகளில் ஒரே காரியம் திரும்பத் திரும்ப வருகிறது. வடக்கே வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா? டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது, தேவசித்தம் தெரிய ஜெபியுங்கள். இப்படி வாரத்துக்கு ஒரு சீட்டாவது வந்துவிடுகிறது. முன்பெல்லாம் மெட்ராஸ், கோயம்புத்தூர் என்று போனார்கள். இப்போது குஜராத், டில்லி, பஞ்சாப் என்கிறார்கள். ஆகையால் இந்த மாதம் வேறொரு பாடம் எழுத வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, இதை எழுதுகிறேன்.

முதலில் லோத்துவைப் பார்ப்போம். ஆபிராமுடைய மேய்ப்பருக்கும் லோத்துவின் மேய்ப்பருக்கும் சண்டை. மந்தை பெருத்துவிட்டது, இடம் போதவில்லை. பெரியவரான ஆபிராம் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சின்னவனுக்கு விட்டுக்கொடுக்கிறார். லோத்து கண்களை ஏறெடுத்து யோர்தான் பக்கத்துச் சமபூமியைப் பார்த்தான். அவ்வளவுதான், தீர்மானம் முடிந்துவிட்டது.

நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கிறபோது எங்கள் வாத்தியார் கானான் தேசத்தின் மேடு பள்ளத்தைப் படமாய் வரையச் சொல்லுவார். வரைந்தால்தான் இந்த அதிகாரம் புரியும். பெத்தேல் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 880 மீட்டர் உயரம். கீழே சவக்கடலின் நீர்மட்டமோ இன்றைக்குக் கடல் மட்டத்துக்கும் 430 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. பெத்தேலிலிருந்து எரிகோ பக்கம் ஒரே நாளில் நடந்து இறங்கிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே தேசம் என்று சொல்லவே முடியாது. மேலே மலைநாடு. எருசலேம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை பெய்யும், அதுவும் ஐப்பசி தொடங்கி பங்குனி வரைதான். மற்ற மாதங்களுக்கு, பாறையில் வெட்டிய தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர்தான் கதி. கீழே எரிகோவில் மழை சுமார் 150 மில்லிமீட்டர், வெயிலோ கொளுத்தும். ஆனால் ஊற்று உண்டு, ஆறு உண்டு. பாய்ச்சினால் எதுவும் விளையும்.

நம்முடைய ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்து விதைத்தவனைக் கொண்டுபோய் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் வாழையும் நெல்லும் நிற்கிற இடத்தில் நிறுத்தினால் அவனுக்கு எப்படி இருக்கும்? லோத்துவுக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சமபூமி எகிப்தைப்போல் இருந்ததாக 10-ஆம் வசனம் சொல்லுகிறது. எகிப்து எங்கே வந்தது? அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில்தான் அவர்கள் எகிப்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். உடம்பு வந்துவிட்டது, அளவுகோல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலே மோசே உபாகமம் 11-இல் இந்த இரண்டு விதமான நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். எகிப்தில் காலால் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்தார்கள். கானானிலோ வானத்து மழையைக் குடிக்கிற மேடுகளும் பள்ளங்களும். முன்மாரி பின்மாரி என்றதும் நாம் அபிஷேகத்தைத்தான் நினைக்கிறோம். அது சரிதான். ஆனாலும் அந்த விவசாயிக்கு அது கோதுமை, வாற்கோதுமை, வீட்டில் அடுப்பு எரிகிற காரியம். முன்மாரி தவறினால் விதைக்க முடியாது, பின்மாரி தவறினால் கதிர் பால் பிடிக்காது. கர்த்தரை நோக்கிப் பார்க்காமல் ஒரு வருஷம் ஓட்ட முடியாத நிலத்தைத்தான் அவர் தம்முடைய ஜனத்துக்குக் கொடுத்தார்.

இங்கே ஒரு காரியத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். லோத்து சோதோமுக்குப் போனான், ஆகவே வெளியூர் போகிறவன் எல்லாரும் லோத்து என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வடநாடு சோதோமும் அல்ல, நம் ஊர் பெத்தேலும் அல்ல. குஜராத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அந்த மாநிலம் உண்டான நாள் முதல் அங்கே மதுவிலக்கு. சில விலக்குகள் இருக்கலாம், கள்ளத்தனமாய் விற்கலாம். ஆனாலும் தெருவுக்குத் தெரு கடை இல்லை. புருஷன் குடியினால் கண்ணீர் விடுகிற நம்முடைய சகோதரிகளிடம் எது சோதோம் என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும்.

லோத்து நல்ல நிலத்தைப் பார்த்தது குற்றமில்லை. மந்தை வைத்திருக்கிறவன் புல்லைப் பார்க்கத்தான் வேண்டும். புல்லை மட்டும் பார்த்தான், அதுதான் காரியம். அங்கே குடியிருக்கிற ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை 13-ஆம் வசனம் நமக்குச் சொல்லுகிறது. லோத்து விசாரித்ததாக எழுதப்படவில்லை. ஆபிராம் சீகேமில் பலிபீடம் கட்டினார், பெத்தேலுக்குக் கிழக்கே கட்டினார், பிறகு எபிரோனில் கட்டினார். லோத்து ஓர் இடத்திலும் கட்டினதாக வாசிக்கிறதில்லை. 13-ஆம் அதிகாரத்தில் கூடாரத்தைச் சோதோமை நோக்கிப் போட்டான். 14-இல் சோதோமுக்குள்ளேயே குடியிருக்கிறான். 19-இல் பட்டணத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே நாளில் நடந்ததல்ல. இத்தனைக்கும் அவன் துன்மார்க்கன் அல்ல. பேதுரு அவனை நீதிமான் என்கிறார், தினமும் மனம் வாதிக்கப்பட்டவன் என்கிறார். ஆனால் அவன் பேச்சு அவன் மருமக்கமாருக்கு வேடிக்கையாய்த் தோன்றியது. அவன் தப்பினான், பிள்ளைகளுடைய காரியம்தான் கெட்டது. ஊர் மாற யோசிக்கிற தகப்பன்மார் இந்த இடத்தை முழங்காலில் நின்று வாசியுங்கள்.

நம் சபையில் ஒரு தம்பி இருக்கிறார். பைப் வெல்டர், தூத்துக்குடியில் காண்டிராக்டில் வேலை செய்கிறார். அவருக்கு ஜாம்நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வந்திருக்கிறது, சம்பளம் இரண்டு மடங்கு. வீட்டில் கடன் இருக்கிறது. மூத்த மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். அவருடைய அம்மா விதவை, மகனோடுதான் இருக்கிறார்கள். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் வந்து சொன்னது: "ஐயா, வாக்குத்தத்தப் பெட்டியில கை விட்டு மூணு அட்டை எடுத்தேன். மொத ரெண்டும் சும்மா ஆறுதல் வசனம். மூணாவதுதான் போன்னு சொல்லுச்சு."

"மூன்றாவதும் சொல்லாவிட்டால் நாலாவது எடுத்திருப்பீரா தம்பி?" என்றேன். சிரித்துவிட்டார். "எடுத்திருப்பேன்யா" என்றார்.

உண்மையைச் சொன்னாரே, அதற்காக ஸ்தோத்திரம். எரேமியா 42-ஐ எடுத்து அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். எருசலேம் விழுந்துவிட்டது. கெதலியா கொல்லப்பட்டான். மீதியான ஜனங்கள் பாபிலோனியருக்குப் பயந்து எரேமியாவிடம் வருகிறார்கள். கர்த்தர் நன்மை சொன்னாலும் தீமை சொன்னாலும் கேட்போம் என்று பொருத்தனைபோலவே பேசுகிறார்கள். அந்த ஜெபத்தைக் கேட்டால் நாமே ஆமென் சொல்லிவிடுவோம். ஆனால் 41-ஆம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். எகிப்துக்குப் போகிற வழியில் பெத்லகேம் கிட்ட வந்து ஏற்கனவே தங்கிவிட்டார்கள். மூட்டை கட்டி, வீட்டைப் பூட்டி, பாதி வழி வந்த பிறகு தேவசித்தம் கேட்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே இருங்கள். உடனே எரேமியாவைப் பொய்யன் என்றார்கள். தீர்க்கதரிசியையும் கூட்டிக்கொண்டே எகிப்துக்குப் போனார்கள்.

வேலையை ராஜினாமா பண்ணிவிட்டு, வீட்டுச் சாமானை விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கையை வைத்து ஜெபிக்கச் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த ஜெபத்துக்குப் பெயர் வழியனுப்பு ஜெபம். அதுவும் செய்வோம், சந்தோஷமாய்ச் செய்வோம். அதைத் தேவசித்தம் கேட்டது என்று கணக்கில் எழுதாதிருங்கள்.

அப்படியானால் எகிப்து எப்போதும் தவறா? இல்லை. பஞ்சம் வந்தபோது ஈசாக்கு இடம் பெயர்ந்தான். எகிப்துக்குப் போகாதே என்று கர்த்தர் தடுத்தார். கேராரிலே விதைத்தான், அந்த வருஷத்திலேயே நூறு மடங்கு. (கிணற்றுக்குக் கிணறு சண்டை வந்ததும் அதே கேராரில்தான். தேவன் இருக்கச் சொன்ன இடத்தில் சண்டையே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.) அவன் மகன் யாக்கோபுக்கு என்ன ஆயிற்று? அதே பஞ்சம், அதே எகிப்து. போ, பயப்படாதே என்று உத்தரவு வந்தது. தகப்பனுக்கு மூடின வாசல் மகனுக்குத் திறந்தது. ஆகையால் இன்னாருக்குக் கர்த்தர் போகச் சொன்னார், எனக்கும் அதுதான் என்று அடுத்த வீட்டுக்காரன் சாட்சியை இரவல் வாங்க முடியாது.

யாக்கோபு செய்ததைப் பாருங்கள். முதலில் குமாரரை இரண்டு தரம் அனுப்பினான், பிறகுதான் குடும்பத்தோடு புறப்பட்டான். வண்டிகள் வந்து நிற்கின்றன, யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று செய்தி வந்துவிட்டது, நூற்றிமுப்பது வயதுத் தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படியும் பெயெர்செபாவில் நின்றான். அது கானானின் தெற்கு எல்லை, அதற்கு அப்பால் வனாந்தரம். அவன் தகப்பன் ஈசாக்கு பலிபீடம் கட்டிய இடமும் அதுவே. திரும்புவதற்கு வழி இருக்கிற கடைசி இடத்தில் நின்று பலியிட்டான். அந்த இரவில்தான் கர்த்தர் பேசினார்.

பெயெர்செபாவில் நிற்பது என்றால் உபவாசம் மாத்திரமல்ல. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே லூக்கா 14-இல் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பியும் நானும் ஒரு நோட்டில் எழுதினோம். சம்பளம் இரட்டிப்பு, சரி. குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் உண்டா, வாடகையா? ரேஷன் கார்டு எந்த மாநிலத்திலும் செல்லும் என்கிற திட்டம் 2019-இல் தொடங்கி 2022-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஆனால் அது மத்திய அரசின் உணவுச் சட்டத்தில் சேர்ந்த கார்டுகளுக்குத்தான். நம்முடைய கார்டு பி.எச்.எச். கார்டா என்று பார்க்க வேண்டும். மகள் படிப்பு? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் கொடுத்த 7.5 சதவீத இடம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் எடுத்துக்கொண்டு போனால் அது போய்விடும். இது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

ஆராதனை எங்கே? பாஷை தெரியாத ஊரில் சபை இல்லாமல் ஆறு மாதம் இருந்தால் ஏழாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாளாகிவிடும். இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். வீட்டில் கூட்டம் வைக்க வாஞ்சையுள்ளவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும்: குஜராத்தில் மதமாற்றத்தைக் குறித்து 2003-இல் சட்டம் வந்தது, 2021-இல் திருத்தினார்கள். பயப்படச் சொல்லவில்லை. அங்குள்ள ஊழியர்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

பாஷை ஒரு தடையா? வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக நல்ல நிலையில் இருந்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அவர் 1909-இல் தாமே நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கலுக்குப் போனார். முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு கற்றார். அவர் நம்முடைய ஐக்கியத்தைச் சேர்ந்தவர் அல்ல, அதனால் என்ன? போகிற ஊர் ஜனங்களை நேசித்தால் அவர்கள் பாஷை வரும். சம்பளத்தை மாத்திரம் நேசித்துப் போகிறவனுக்கு இருபது வருஷமானாலும் காய்கறி வாங்குகிற இந்தியோடு நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் கனமானது அவருடைய அம்மாவின் வார்த்தை. திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகருக்கு நேர் ரயில் இருந்தாலும் ஏறக்குறைய இரண்டு நாள் பிரயாணம். "நான் செத்தா அடக்கத்துக்கு வந்து சேருவியால?" என்று கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் வாக்குத்தத்தப் பெட்டியில் இல்லை. சொந்த வீட்டாரை விசாரிக்க வேண்டும் என்கிற 1 தீமோத்தேயு 5:8 இரண்டு பக்கமும் இழுக்கிறது. கடனைத் தீர்ப்பதும் விசாரிப்புதான், கூட இருப்பதும் விசாரிப்புதான். நான் அவருக்குப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் உத்தரவு வாங்காமல் டிக்கெட் எடுக்காதிரும் என்று மாத்திரம் சொன்னேன்.

அவர் போய் அம்மா காலடியில் உட்கார்ந்து நோட்டை வாசித்துக் காட்டினார். அந்தத் தாய் ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர்களே சொன்னார்கள்: "நீ மட்டும் மூணு மாசம் போய்ப் பாத்துட்டு வா. புள்ளையளை இப்ப அசைக்காத." இப்போதைக்குத் தீர்மானம் அதுதான். மாதக் கடைசியில் அவர் தனியாகப் போகிறார். அறுப்பின் பண்டிகைக்குத் திரும்பி வந்தபின் மறுபடியும் நோட்டை எடுப்போம். அதுவரை அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுப்பதை வாலிபர் ஐக்கியம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஜாம்நகர், ராஜ்கோட் பக்கத்தில் தமிழிலோ இந்தியிலோ ஆவிக்குரிய ஆராதனை நடக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது விலாசம் எழுதிக்கொண்டு வாருங்கள். இதேபோல் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். சாமான் கட்டுவதற்கு முன்னே வாருங்கள்.