மோடலுக்குத் தனி ஸ்டைல்: எந்த வழி எப்போது?

ஆன்லைன் கடையில் முகவரி ஃபார்ம் இரண்டு இடங்களில் வரும்: பணம் கட்டும் பக்கத்தில், பிறகு ‘முகவரியை மாற்று’ என்று அழுத்தினால் திறக்கும் மோடலில். பக்கத்துக்காக இரண்டு பத்தியாக எழுதிய அமைப்பு மோடலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

பலரும் முதலில் எடுக்கும் வழி, ‘மோடலுக்குள் உள்ள இன்புட் எல்லாம் இப்படி’ என்று மோடலின் கிளாஸை முன்னால் வைத்து எழுதும் செலக்டர். தளத்தில் ஒரே ஒரு மோடல் என்றால் இதுவே போதும். ஆனால் கிளாஸும் எலிமென்ட் பெயரும் சேர்வதால் இதற்கு எடை கூடுதல். ஒற்றைக் கிளாஸில் எழுதிய ஸ்டைல், கோப்பில் பின்னால் வந்தாலும் இதனிடம் தோற்கும். பிழையைக் காட்டும் சிவப்பு ஓரம் மோடலில் மட்டும் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பழைய தளத்தில் இதை மாற்றி எழுத நேரமில்லையா? மோடல் விதிகளை முந்தைய கேஸ்கேட் லேயரில் போடுங்கள். பிந்தைய லேயரோடு மோதும்போது எடை கணக்கில் வராது.

இன்னொரு வழி ஷேடோ டாம். வெளியே எழுதிய செலக்டர்கள் உள்ளே கசியாது, உள்ளே எழுதியவை வெளியேயும் கசியாது. ஆனால் உள்ளே இருக்கும் இன்புட், வெளியே இருக்கும் ஃபார்மோடு சேர்ந்து போகாது. வெளியிலுள்ள லேபிளும் அதைப் பிடிக்காது. பிறர் தளத்தில் ஒட்டும் விட்ஜெட்டுக்குச் சரி. சொந்த ஃபார்முக்கு வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது வேலையைப் பிரிப்பதைத்தான். மோடலின் கிளாஸ் பெட்டியை மட்டும் பார்க்கட்டும்: அகலம், பேடிங், ஸ்க்ரோல், அடியில் பட்டன் வரிசை. இன்புட்டை அது தொடவே கூடாது. ஒரு பத்தியா இரண்டா என்பதை ஃபார்ம் கன்டெய்னர் குவெரி வழியே முடிவு செய்யட்டும். மீடியா குவெரி பார்ப்பது பிரவுசர் விண்டோவின் அகலத்தை. 1400 பிக்சல் விண்டோவில் 500 பிக்சல் மோடல் திறந்தாலும் அதற்கு 1400தான் தெரியும். கன்டெய்னர் குவெரி 2023 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இயங்குகிறது. அகலத்துக்கான கன்டெய்னராக மோடலையே வைத்தால் அதற்கு அகலத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும்.

பெட்டிக்கு டிவ் வேண்டாம், டயலாக் எலிமென்ட்டே நல்லது. 2022 மார்ச் முதல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிடைக்கிறது. ஷோமோடல் மூலம் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். இசட்-இண்டெக்ஸ் சண்டை இல்லை. டிஸ்ப்ளே ஃபிளெக்ஸை மட்டும் டயலாக்கில் நேராக எழுதாதீர்கள், மூடிய மோடலும் பக்கத்தில் தெரியத் தொடங்கும். திறந்த நிலைக்கான செலக்டரில் எழுதுங்கள்.