பர்சிலா கற்றுத்தரும் பாடம்

வேத பகுதி: 2 சாமுவேல் 19:31-39



"எங்கள் சபைப் பிள்ளைகள் சிலர் முதியோர் பராமரிப்பைப் பற்றி இணையவழியில் படித்துச் சான்றிதழ் பெற விரும்புகிறார்கள். எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். பதில் சொல்லுமுன் ஒரு முதியவரைச் சந்திப்போம்.

அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதை மக்னாயீமில் ஆதரித்தவர் பர்சிலா. யுத்தம் முடிந்தபின், தம்மோடு எருசலேமுக்கு வரும்படி ராஜா அவரை அழைக்கிறார். வயது 80. சாப்பாட்டின் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தம் கேட்கவில்லை, உமக்கு நான் பாரமாவேன் என்கிறார் பர்சிலா. தாய் தகப்பனுடைய கல்லறை இருக்கும் சொந்த ஊரிலே மரிக்க விரும்புகிறார். தாவீது வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து, அனுப்பிவைக்கிறார்.

முதுமையியல் படிப்பின் சாரம் இங்கே இருக்கிறது: சரீரத்தில் வரும் மாற்றம், பாரமாகிவிடுவோமோ என்ற பயம், சொந்த மண்ணின்மேல் உள்ள பற்று. இம்மூன்றையும் கற்பிக்காத படிப்பு அரைகுறையானதே.

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதல்ல. 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். ஆனால் கல்வராயன் மலைக் கிராமங்களில், பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட, வீட்டில் தங்கியிருக்கும் பாட்டிக்கு அந்த அறிவு எட்டவேண்டுமானால், அதைக் கற்று வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் ஆட்கள் தேவை.

இதில் நாங்கள் தவறியதையும் மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் இரண்டு ஊழியர்களை ஓர் இணையவழிப் படிப்பில் சேர்த்தோம். கட்டணம் உங்கள் காணிக்கையிலிருந்து போயிற்று. பாடம் முழுவதும் ஆங்கிலம். பரீட்சையில் சரியான விடைக்கு டிக் அடித்தால் போதும். அழகான சான்றிதழ் வந்தது. ஆனால் படுக்கையிலிருந்த ஒரு மலைவாழ் தாயாரைப் புரட்டிப் படுக்கவைக்கவோ, படுக்கைப்புண் வராமல் காக்கவோ அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் மூத்த நர்ஸ் அம்மாதான் கூட இருந்து கற்றுக்கொடுத்தார்கள். குற்றம் அந்தப் பிள்ளைகளுடையதல்ல. விசாரிக்காமல் சேர்த்த எங்களுடையது.

ஆகையால் சேருமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. நடத்துவது யார்? பல்கலைக்கழகம் என்றால் அதற்கும் அந்தப் படிப்புக்கும் யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். புதுதில்லியிலுள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களும் முதியோர் பராமரிப்புப் பயிற்சி அளித்துள்ளன. அவற்றையும் விசாரியுங்கள்.

2. நேரடிப் பயிற்சி உண்டா? முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ சில வாரங்களாவது வேலை செய்யவேண்டும். திரையைப் பார்த்து யாரும் ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கப் பழகமுடியாது.

3. மறதி நோய், கீழே விழுதல், காது மந்தம், ஒரே சமயத்தில் பல மாத்திரைகள், மரணத் தறுவாயில் ஆறுதல் ஆகியவை பாடத்தில் உண்டா?

4. பிள்ளைக்குப் புரியும் மொழியா? மலையில் சிக்னல் கிடைக்காத நாளில் பாடத்தைப் பின்னால் பார்க்க வழியுண்டா?

5. இச்சான்றிதழ் எதற்கு உதவும்? இதைப் பெற்றவர் நர்ஸ் ஆகிவிடமாட்டார். ஊசி போட உரிமை கிடையாது. வேலை நிச்சயம் என்று ஆசைகாட்டுகிற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டவேண்டாம்.

இந்த ஐந்துக்கும் நல்ல பதில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். நர்சாக, சமூக சேவகராக ஏற்கெனவே பணிசெய்கிறவர்களுக்கு இப்படிப்பு மிகுந்த பிரயோஜனம். புதியவர்களோ முதலில் ஒரு மாதம் தங்கள் சபையிலுள்ள முதியோரை வீடுவீடாகச் சந்தித்துப் பேசட்டும். அதில் சலிப்படையாதவர் படிக்கட்டும்.

தாவீது பர்சிலாவின் பேச்சை முடிவுமட்டும் கேட்டார். கேட்கிற செவியை எந்தச் சான்றிதழும் தராது; அதைக் கர்த்தரிடத்தில் கேட்போம்.

ஜெபக் குறிப்பு: மலைக் கிராமங்களில் தனித்திருக்கும் முதியோருக்காகவும், அவர்களைப் பராமரிக்க அர்ப்பணிப்புள்ள வாலிபர்கள் எழும்பவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலய ஆயர்